என் நம்பரை ஏற்காத பிள்ளை

அந்தப் பிள்ளையிடம் "ஏதாச்சும்" என்ற பேச்சு செல்லாது. வந்த மறுநாளே தெரிந்துகொண்டேன்.

"மத்தியானத்துக்கு என்ன சாப்புடுவ?" என்று கேட்டேன்.

"என்ன ஆக்குவீங்க பெரியம்மா?"

"ஏதாச்சும் ஆக்குறேன்."

கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "ஏதாச்சும்னு ஒரு கறி இருக்கா? பருப்பா, கெழங்கா, கருவாடா? ஒன்னச் சொல்லுங்க. புடிக்கலைன்னா இப்பவே சொல்லிருவேன். ஆக்கி வச்ச பொறகு சொன்னா ஒங்களுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்."

பருப்பு என்றேன். சரி என்று குனிந்துகொண்டாள். எனக்கு முகம் சுருங்கிப்போனது. அந்த வயது வரை யாரும் என்னை நிறுத்தி வைத்து அப்படிக் கேட்டதில்லை. அடுப்படிக்குப் போய் வெகுநேரம் பருப்பையே கழுவிக்கொண்டிருந்தேன்.

அவள் பெயரை எழுதவில்லை. அவளைக் கேட்காமல் எழுதினால் அவளுக்குப் பிடிக்காது. கேட்பதற்கு அவள் இப்போது பக்கத்தில் இல்லை.

அப்புத்தளை டவுனுக்கு மேலே, ரயில் பாதையைப் பார்த்தபடி என் வீடு. மகன் கட்டியது. கட்டி முடித்த வருடமே மனைவி பிள்ளையோடு கட்டாருக்குப் போய்விட்டான். முன்னறை சும்மா கிடந்தது. இவள் கொஸ்லந்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். வயது முப்பத்தைந்து இருக்கும், கல்யாணம் ஆகவில்லை. கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. அவர்கள் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், போன் பேசவே மேட்டுக்கு ஏற வேண்டுமாம். என் முன்னறை ஜன்னலில் சிக்னல் நன்றாக இருப்பதைக் கண்டு, அந்த ஜன்னலுக்காகவே குடிவந்தாள். எனக்காக வரவில்லை. இருந்தாலும் வீட்டில் இரண்டு தட்டுக் கழுவும் சத்தம் வந்துவிட்டது.

ஒரு நாள் அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். ஒரு மிடறு குடித்துவிட்டு, "பெரியம்மா, இது ரசமா?" என்றாள். சீனிக்குப் பதிலாக உப்பைப் போட்டிருக்கிறேன். இரண்டும் ஒரே மாதிரி பால்மா டின்னில் இருந்தன. எது எதென்று கைக்குத் தெரியும் என்று வைத்திருந்தேன்.

"இனிமே ஞாபகமா போடுறேன்மா" என்றேன்.

"ஞாபகம் வேலைக்கு ஆகாது. தப்பாப் போடவே முடியாம இருக்கணும்."

உப்பை எடுத்து வாய் குறுகின ஊறுகாய்ப் போத்தலில் கொட்டினாள். அதற்குள் சின்னக் கரண்டிதான் போகும். சீனிக் கரண்டியை விட்டால் வாயில் முட்டி நிற்கும். எனக்குக் கோபம்தான் வந்தது. என் அடுப்படியில் எனக்கே பூட்டா என்று நினைத்தேன். ஆனால் அதற்குப் பிறகு ஒரு நாளும் தப்பவில்லை.

அவள் வேலையும் அதுதான் என்று மெல்ல மெல்லத்தான் விளங்கியது. தரையைத் துடைக்கிற சாக்கில் பின்னால் நின்று பார்ப்பேன். கறுப்புத் திரையில் கலர் கலராக எழுத்து ஓடும். நடுவில் ஓரிடத்தில் கம்பளிப்பூச்சி ஊர்கிற மாதிரி சிவப்புக் கோடு வரும். அது வந்தால் இவளுக்குச் சந்தோஷம்.

"செவப்பு வந்தா நல்லதா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"அது என்னையத் திட்டுது பெரியம்மா. இப்பவே திட்டுனா நல்லதுதானே? வெளிய போனப்புறம் ஊரு திட்டக் கூடாது."

அப்புறம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சொன்னாள். "ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்னுகிட்ட எதையாவது கேக்கும். அது குடுக்கும். நடுவுல ஒரு ஜன்னல்னு வச்சுக்கங்க. என்ன கேக்கலாம், என்ன வகையில குடுக்கணும்னு அந்த ஜன்னலுக்குச் சட்டம் எழுதுறது நானு."

"வேற வகையில குடுத்தா?"

"ஜன்னல் தொறக்காது."

நான் முழித்ததைப் பார்த்துவிட்டாள். "பதுளை ஆபீசுக்கு மூனு தரம் அலைஞ்சேன்னு சொன்னீங்களே. போட்டோ கொறையுது, கையெழுத்துக் கொறையுதுன்னு. ஜன்னல்கிட்ட போன பொறகுதானே சொன்னாங்க? இங்க ஒக்காந்து எழுதுறப்பவே, அந்தப் பேனா 'நில்லுங்க, ஒன்னு கொறையுது'ன்னு சொல்லியிருந்தா? தப்பு எழுதுறவங்க கையிலயே நிக்கணும் பெரியம்மா. பஸ் ஏறிப் போகக் கூடாது."

அப்படி ஒரு பேனா இருந்திருந்தால் எனக்கு மூன்று நாள் மிச்சம். அன்றைக்கு அவள்மேல் ஒரு மரியாதை வந்தது.

ஆனால் அந்தக் குணத்தோடு மனிதரிடம் பழகினால் ஆள் சேராது. அவளுக்குச் சேரவில்லை. சாமான் கொண்டுவரும் த்ரீவீல்கார நானா, "அஞ்சு நிமிஷத்துல வாறேன் தங்கச்சி" என்பார். "அஞ்சா நானா, இருவதா?" என்பாள். "அல்லாவே, அஞ்சுன்னா ஒரு பேச்சுக்கும்மா!" என்று அவர் தலையில் கை வைப்பார். "அப்ப பேச்சுக்கு அஞ்சு, வர்றதுக்கு எத்தன?" நானா என்னைப் பார்த்து, "இந்தப் புள்ளைய யாரு கட்டப்போறாங்களோ, அவருக்கு மணிக்கூடு ரெண்டு வேணும்" என்பார். அவள் சிரிக்க மாட்டாள். பதிலுக்காகக் காத்துக்கொண்டிருப்பாள்.

அவளுடைய அம்மா போனில் "சுகமா இருக்கியா?" என்று கேட்டாலும் உடனே சொல்ல மாட்டாள். யோசித்து, "இன்னிக்குப் பாதி" என்பாள். ஒரு தடவை மாப்பிள்ளை விஷயமாக யாரோ அத்தைமுறையானவர் போன் எடுத்திருந்தார். நல்ல பையன் என்றாராம். "நல்லன்னா எதுல நல்ல?" என்று இவள் கேட்க, அந்தப் பக்கம் போன் வைத்துவிட்டார்கள். சோற்றைப் பிசைந்தபடி என்னைக் கேட்டாள், "நான் தப்பாவா கேட்டேன்?"

"இல்லம்மா. கேக்காம இருந்திருந்தா இன்னும் பேசிக்கிட்டு இருந்திருப்பாங்க."

வெகுநேரம் பிசைந்துகொண்டேயிருந்தாள். நான் பேச்சுக்குக் கூச்சப்பட்டு ஆளைத் தள்ளி வைத்தவள். அவள் ஒவ்வொரு பேச்சுக்கும் சரியான அர்த்தம் கேட்டு ஆளைத் தள்ளி வைத்தவள். இரண்டு பேரும் ஒரே சட்டியில் சாப்பிட்டோம்.

இனிச் சொல்லப்போவது நான் செய்த காரியம்.

தோட்டங்களில் இருக்கிற வயதானவர்களுக்கு மாதாமாதம் மருந்தைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு சின்னக் கூட்டம் முன்வந்தது. அதற்கு வேண்டிய ஜன்னலை இவள் லீவு நாட்களில் உட்கார்ந்து செய்துகொடுத்தாள். போன் எடுத்தால் ஒரு குரல், கிளினிக் புத்தகத்தில் போட்டிருக்கிற நம்பரைக் கேட்கும். அழுத்தினால், அந்த நம்பருக்கு உரிய மருந்தை உறையில் போட்டு, போன் இருக்கிற வீட்டுக்கு அனுப்புவார்கள். ஒரு லயத்தில் ஒரு போனை நாலு பேர் பாவிப்பதால் நம்பரை வைத்துத்தான் மருந்து. உறையில் பெயர் இருக்காது, நம்பர் மட்டும்தான்.

எனக்குப் பிரஷர். "மொத ஆளா நீங்களே எடுங்க பெரியம்மா" என்று போனைக் கொடுத்துவிட்டு அறைக்குள் போனாள். கம்பனியிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள்.

குரல், "கிளினிக் இலக்கத்தை அழுத்தவும்" என்றது. கிளினிக் புத்தகம் என் மடியில்தான் இருந்தது. என் விரல் புத்தகத்தைப் பார்க்கவில்லை. நூற்று நாற்பத்தேழை அழுத்தியது.

அது என் பெரட்டு நம்பர், தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கிற நம்பர். விடியக்காலையில் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை நூத்தி நாப்பத்தேழு என்றால் நான் "ஆமாங்க" என்பேன். கொழுந்து நிறுக்கிற இடத்திலும் சம்பள நாளிலும் அதுதான் நான். மகனைப் பெற்றுத் தோட்ட ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கட்டில் தலைமாட்டிலும் அதைத்தான் எழுதி மாட்டியிருந்தார்கள். முப்பத்தொரு வருடம். என் பெயரைத் தப்பாகக் கூப்பிட்டவர்கள் உண்டு, நம்பரைத் தப்பாகச் சொன்னவர்கள் கிடையாது. எந்த ஆபீஸ் எந்த நம்பரைக் கேட்டாலும் தோட்டத்து ஆட்களுக்கு வாயில் வருவது அதுதான்.

மறுநாள் நானா உறையைக் கொண்டுவந்தார். மேலே நூற்று நாற்பத்தேழு என்று இருந்தது. என் நம்பர்தானே என்று பிரித்தேன். உள்ளே இருந்தவை என் மாத்திரை இல்லை. என்னுடையது சின்ன வெள்ளை. இது பெரிய மஞ்சள்.

அன்று அவள் கேட்டாள், "மருந்து வந்துச்சா பெரியம்மா?"

"வந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னேன். வேறு மருந்து வந்திருக்கிறது என்று சொன்னால், நம்பர் சரியாக இருக்கும்போது பிழை கம்ப்யூட்டருடையது என்று ஆகும். கம்ப்யூட்டருடையது என்றால் அவளுடையது. தப்பு விட்டேன் என்று தெரிந்தால் அந்தப் பிள்ளை தாங்காது, மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விடும். இப்படித்தான் நான் நினைத்தேன். உறையை டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்தேன். மருந்து இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தேன். பின்கழுத்து இரும்பு மாதிரி கனத்தது. அவள் கேட்டால் பனி ஒத்துக்கொள்ளவில்லை என்பேன்.

ஒரு பின்னேரம், வாசல் தெரியாத அளவுக்கு மூடுபனி. நானா அடுப்படி வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு சொன்னார்: "மடுல்சீமைக்குப் போற நம்ம பொடியன்ட பேச்சு கேட்டீங்களா தங்கச்சி? அங்க ஒரு ஐயாவுக்கு மருந்து இல்ல. போன் எடுத்தா, இந்த மாசத்துக்குக் குடுத்தாச்சுன்னு சொல்லுதாம். மனுஷன் ஏசு ஏசுன்னு ஏசுறாராம்."

அவள் கையில் இருந்த கோப்பை அப்படியே நின்றது. "குடுத்தாச்சா? யாருக்குக் குடுத்தாச்சு?"

அறைக்குள் ஓடினாள். நான் கதவோரம் நின்று பார்த்தேன். திரையில் ஒரு சிவப்புக்கூட இல்லை. மேலும் கீழும் தேடினாள். "எல்லாம் சரின்னு சொல்லுது" என்றாள். குரல் அவளுடையதாக இல்லை. "சரியில்லாம சரின்னு சொல்லுது பெரியம்மா. ஒருத்தரு மருந்து எங்கயோ இருக்கு. எங்க இருக்குன்னு இதுக்குத் தெரியல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னிடம் ஒன்று கூடுதலாக வந்தால் வேறு யாருக்கோ அது இல்லை என்று அதுவரை நான் யோசித்துப் பார்க்கவேயில்லை. மஞ்சள் மாத்திரைக்கு ஒரு மனிதர் இருக்கிறார் என்று தோன்றவில்லை. என் பயத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

பெட்டியைத் திறந்து உறையை எடுத்துக்கொண்டுவந்து அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"நான்தாம்மா" என்றேன்.

உறையைப் புரட்டிப் பார்த்தாள். "எந்த நம்பர அழுத்துனீங்க?"

"என் நம்பரத்தான்."

"ஒங்க கிளினிக் நம்பர் ஐநூத்திப் பன்னெண்டு. இது அந்த ஐயாவோட கிளினிக் நம்பர்."

"நான் பெரட்டு நம்பர…" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டாள். "அது எந்த வகை நம்பர்னு நான் கேக்கல" என்றாள், தனக்குத்தானே. "வெறும் நம்பர்னு விட்டுட்டேன். பதினெட்டுக் கிலோ கொழுந்தும் பதினெட்டாம் காம்பரா வீடும் ஒன்னான்னு ஆபீசுல எல்லாரையும் திட்டுவேன். இங்க மட்டும் விட்டுட்டேன். சின்ன வேலதானேன்னு, நம்ம பெரியம்மாதானேன்னு."

"வந்துச்சுன்னு ஒங்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

"பொய் இல்ல. வந்துச்சுதானே. என்ன வந்துச்சுன்னு நான்தான் கேட்டிருக்கணும்."

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அடுத்த அரை மணி நேரம் போனிலேயே இருந்தாள். அன்றைக்கே பதுளையிலிருந்து அவருக்கு மருந்து போனது. எனக்கும் என் மாத்திரை வந்தது. அதோடு அவளுக்கு முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்றாள். நானும் வருகிறேன் என்றேன். அப்படிச் சொன்னது எனக்கே ஆச்சரியம்.

பதுளைக்கு ஒரு பஸ், அங்கிருந்து மடுல்சீமைக்கு ஒரு பஸ், அப்புறம் பாதை இல்லாத இடத்தில் நடை. கடைசி லயத்தில் கடைசிக் காம்பரா. ஐயா வாசலில் உட்கார்ந்திருந்தார். வலது கையில் கட்டு. மருந்து இல்லாத பத்தொன்பதாவது நாள், தண்ணிப் பீலிக்குப் போகிற வழியில் தலை சுற்றி விழுந்திருக்கிறார். மணிக்கட்டு முறிந்துவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை.

இவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். எங்கே விட்டேன், எப்படி விட்டேன் என்று ஒன்றையும் மறைக்கவில்லை. அவருக்குப் பாதி விளங்கியிருக்காது. நான் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "நான்தாங்க அந்த நம்பர அழுத்துனது" என்றேன்.

"ஒங்க பெரட்டு நம்பரா நூத்தி நாப்பத்தேழு?" என்று கேட்டார். தலையாட்டினேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப நம்ம ரெண்டு பேரும் ஒரே நம்பர்ல நின்னிருக்கோம். கணக்கப்புள்ளைக்குத் தெரிஞ்சா ஆளுக்கு அரப் பேருதான் போடுவாரு!"

உள்ளே அவர் மருமகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அரைப் பேர் என்றால் அரை நாள் சம்பளம். நானும் சிரித்துவிட்டேன். அவள் மட்டும் அவருடைய கைக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்ல மக, விடு" என்றார் ஐயா.

"பரவாயில்லாம இல்லங்கய்யா. கை ஒடஞ்சிருக்கு" என்றாள்.

அவருக்குச் சிரிப்பு நின்றது. கட்டைத் தடவிப் பார்த்து, "ஆமா. வலிக்குதுதான்" என்றார். அதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை போலிருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "சொன்னா நீ போயிருவேன்னு பயந்துட்டேன். அதான் சொல்லல."

அவள் என் பக்கம் திரும்பினாள். "என்னைக்கோ ஒருநாள் போவேன் பெரியம்மா. எந்த நாளுன்னு இன்னும் தெரியாது. தெரிஞ்ச அன்னைக்கே ஒங்களுக்குச் சொல்லுவேன்."

வேறு யாராக இருந்தாலும், நான் எங்க போகப்போறேன் என்று சொல்லியிருப்பார்கள். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அவளிடம் அது இல்லை.

அந்த வாரமே ஜன்னலை மாற்றினாள். எல்லாருடைய கிளினிக் புத்தகத்திலும் நம்பருக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி வைத்து, சிவப்புக் கடதாசி ஒட்ட வைத்தாள். போனிலும் முதலில் நட்சத்திரத்தை அழுத்த வேண்டும். வெறும் நம்பரை அழுத்தினால் ஏற்காது. ஏற்காதபோது பேசுவதற்கு, அந்தச் செய்தி வாசிக்கிற மாதிரியான குரல் வேண்டாம், வயதானவர்கள் பதறுவார்கள் என்று, முன்னறைக் கதவைச் சாத்திவிட்டுத் தானே பேசிப் பதிந்தாள். என்னை அடுப்படியில் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னாள். அப்படியும் கோழி ஒன்று கத்திவிட்டது. இரண்டு தடவைக்கு மேல் பேச அவளுக்கும் வெட்கம், அப்படியே விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் இருந்தாள். ஒருநாள் காலையில் அடுப்படிக்கு வந்து, "பெரியம்மா, நாள் தெரிஞ்சிருச்சு. கொழும்பு ஆபீசுக்கே வரச் சொல்றாங்க. நாப்பத்தோரு நாள் இருக்கு" என்றாள். நாற்பத்தோரு நாளும் என்ன கறி என்று நான் சரியாகச் சொன்னேன். கொழும்பிலிருந்து வெளிநாட்டுக்கும் போய்விட்டாள். முதலில் ஞாயிறு தோறும் போன் எடுத்தாள். சுகமா என்பாள். இருக்கேன் என்பேன். "இருக்கேன்னா?" என்று கேட்பாள். நான் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன். இப்போது எப்போதாவதுதான்.

முன்னறையை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. கேட்டு வந்தவர்கள் நல்லவர்கள்தான். என்ன சாப்பிடுவீங்க என்றால், ஏதாச்சும் என்றார்கள்.

மாதத்துக்கு ஒரு தடவை மருந்துக்குப் போன் எடுக்கிறேன். நட்சத்திரத்தோடு சரியாக அழுத்தினால் மணி மாதிரி ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். மறுநாள் நானா வந்துவிடுவார். சரியாக அழுத்துகிறவர்களுக்கு அவள் குரல் கேட்காது. அதனால் முதலில் நூற்று நாற்பத்தேழை அழுத்துகிறேன்.

"இது ஒங்க கிளினிக் நம்பர் இல்லங்க. கோவிச்சுக்காதீங்க. புத்தகத்த எடுத்து, செவப்புல இருக்கிறதப் பாத்து, மெதுவா அழுத்துங்க. அவசரம் ஒன்னுமில்ல."

பின்னால் கோழி கத்துகிறது. இன்னொரு தடவை அழுத்துகிறேன். மூன்றாவது தடவையும் தப்பினால் ஆபீசிலிருந்து ஒரு மனிதர் கூப்பிட்டு என்ன வேண்டும் என்று கேட்பாராம், அப்படியும் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவரிடம் நான் என்னவென்று சொல்வது? இரண்டோடு நிறுத்திக்கொண்டு, கண்ணாடியைப் போட்டு, புத்தகத்தைப் பார்த்து அழுத்துகிறேன்.